வர்ற மெயில், போற மெயில்: கம்பத்திலிருந்து ஒரு வைரஸ் வரலாறு

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வந்துச்சு. "ஆன்டிவைரஸ் செட்டிங்ஸ்ல உள்ளே வர்ற மெயிலை ஸ்கேன் பண்ண ஒரு டிக், வெளியே போற மெயிலை ஸ்கேன் பண்ண இன்னொரு டிக் இருக்கு. முதலாவது புரியுது. ரெண்டாவது எதுக்கு? நான் என்ன வைரஸா அனுப்பப் போறேன்?"

நல்ல கேள்வி. ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லி முடிச்சிடலாம். ஆனா இந்த ரெண்டு டிக்குக்குப் பின்னால இருபத்தஞ்சு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு. அதுல மணிலா வருது, சென்னை வருது, தர்மசாலா வருது. எங்க ஊர் கம்பத்துல சித்தப்பா நடத்தின பிரவுசிங் சென்டரும், போடியில மாமாவோட ஏலக்காய் வியாபாரமும் வருது. அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இதுதான்.

முதல்ல ஒரு செக்போஸ்ட்

தேனி மாவட்டம் தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், முல்லைப் பெரியாறு தண்ணியில விளையற பூமி கம்பம் பள்ளத்தாக்கு. நெல், திராட்சை, வாழை, தென்னை, காய்கறி. இங்கிருந்து கேரளாவுக்கு ஏற முக்கியமா மூணு மலைப்பாதை: லோயர் கேம்ப் வழியா குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. மூணுலயும் செக்போஸ்ட் உண்டு.

கேரளாவுல பறவைக்காய்ச்சல்னு செய்தி வந்தா, நம்ம கால்நடைத் துறை ஆட்கள் இந்தச் செக்போஸ்ட்டுகள்ல நின்னு, அங்கிருந்து வர்ற வண்டிக்கெல்லாம் கிருமிநாசினி அடிப்பாங்க. கோழி, முட்டை வண்டியைத் திருப்பி அனுப்புவாங்க. 2015-ல தமிழ்நாட்டுக் காய்கறியில பூச்சிமருந்து கூடுதலா இருக்குன்னு கேரளாவுல பெரிய பிரச்சினை ஆச்சு. அப்போ இங்கிருந்து போற காய்கறிக்கு அவங்க கெடுபிடி போட்டாங்க.

கவனிச்சீங்களா? ரெண்டு பக்கமும் தனக்குள்ள வர்றதைத்தான் பார்க்குது. கம்பத்துலருந்து மலையேறப் போற காய்கறி லாரியை இந்தப் பக்கமே நிறுத்தி, "உள்ள மருந்து கூடவா இருக்கு?"னு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அது சாப்பிடறவங்க கவலை. நம்ம கவலை இல்லை.

மெயில் ஸ்கேனிங்கோட வரலாறும் கிட்டத்தட்ட இதேதான்.

ஃபிளாப்பியிலிருந்து காதல் கடிதம் வரைக்கும்

பெர்சனல் கம்ப்யூட்டர்ல பரவின முதல் வைரஸ்னு பொதுவா சொல்லப்படறது 'பிரெயின்'. 1986-ல லாகூர்ல பாசித், அம்ஜத் ஃபரூக் அல்வின்னு ரெண்டு சகோதரர்கள் எழுதினது. அது ஃபிளாப்பி வழியா பரவிச்சு. ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்கு வைரஸ் போகணும்னா, யாராவது ஒருத்தர் ஃபிளாப்பியைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு பஸ் ஏறணும். அப்போ பாதுகாப்புன்னா வாசலைப் பார்க்கிறதுதான். உள்ள வர்ற ஃபிளாப்பியை ஸ்கேன் பண்ணு, முடிஞ்சது.

இந்தியாவுல 1995 ஆகஸ்ட் 15 அன்னைக்கு வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. அடுத்த நாலஞ்சு வருஷத்துல மெயில் அலுவலகங்களுக்குள்ள நுழைஞ்சது. கூடவே வைரஸுக்கும் பஸ் டிக்கெட் எடுக்க வேண்டிய தேவை இல்லாமப் போச்சு.

1999 மார்ச் 26. 'மெலிஸா'. ஒரு வேர்டு ஃபைலுக்குள்ள ஒளிஞ்சிருந்த மேக்ரோ. திறந்தா, உங்க அவுட்லுக் முகவரிப் பட்டியல்ல முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கும். எழுதின டேவிட் ஸ்மித்துக்கு அமெரிக்காவுல 20 மாசம் சிறை.

2000 மே 4. இதைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, 'ஐ லவ் யூ'. மணிலாவுலருந்து கிளம்பிச்சு. தலைப்புல 'ஐ லவ் யூ', கூடவே காதல் கடிதம் மாதிரி பேரு வெச்ச ஒரு அட்டாச்மென்ட். பேரோட கடைசியில சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்னு தெரியும். உண்மையான கடைசி மூணெழுத்தை விண்டோஸ் மறைச்சிடும். அது ஒரு ஸ்கிரிப்ட். திறந்தவுடனே படங்களை அழிச்சு அந்த இடத்துல தன்னை எழுதிக்கும், முகவரிப் பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும் தன்னை அனுப்பும். முதல் 50 பேருன்னு எல்லாம் கணக்கில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அன்னைக்கு மெயிலை நிறுத்தி வெச்சது.

எழுதினவர் ஓனெல் டி குஸ்மான், அப்போ மாணவர். பல வருஷம் கழிச்சு ஒரு பத்திரிகையாளர்கிட்ட ஒத்துக்கிட்டார். இன்டர்நெட்டுக்குக் காசு கட்ட முடியலை, மத்தவங்களோட இன்டர்நெட் பாஸ்வேர்டைத் திருடத்தான் எழுதினேன்னு. அவர் மேல வழக்கு நிக்கலை. பிலிப்பைன்ஸ்ல அப்போ அதுக்குச் சட்டமே இல்லை. அடுத்த மாசம், ஜூன்ல, சட்டம் கொண்டு வந்தாங்க. அதே ஜூன் மாசம்தான் நம்ம தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கும் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். 2000 அக்டோபர் 17-ல நடைமுறைக்கு வந்துச்சு. அதோட 43-வது பிரிவுல, உரிமையாளர் அனுமதி இல்லாம கம்ப்யூட்டருக்குள்ள வைரஸை நுழைக்கிறது இழப்பீடு கட்ட வேண்டிய தப்புன்னு எழுதியிருக்கு.

ஆனா மெலிஸாவும் ஐ லவ் யூவும் மாத்தின முக்கியமான விஷயம் வேற. அதுவரைக்கும் எல்லாரும் சொன்ன அறிவுரை, "முன்பின் தெரியாதவங்க அனுப்பின அட்டாச்மென்டைத் திறக்காதே." இந்த ரெண்டு வைரஸும் தெரிஞ்சவங்ககிட்டருந்துதான் வந்துச்சு. உங்க மேனேஜர், உங்க ஃபிரெண்டு, உங்க அண்ணன். நோயைப் பரப்பினவர் வில்லன் இல்லை, பாதிக்கப்பட்டவர். தான் அனுப்பினதே அவருக்குத் தெரியாது.

ரெண்டாவது டிக் பிறந்தது இங்கதான்.

நடுவுல உட்கார்ந்த தபால்காரர்

சரி, அந்த டிக் என்ன பண்ணுது? அவுட்லுக் எக்ஸ்பிரஸ் காலத்துல மெயில் ரெண்டு வழியில ஓடும். வர்ற மெயில் பாப்-3, 110-ஆம் நம்பர் போர்ட். போற மெயில் எஸ்.எம்.டி.பி., 25-ஆம் நம்பர் போர்ட். ஆன்டிவைரஸ் உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே இந்த ரெண்டு வழிக்கும் நடுவுல ஒரு தபால்காரர் மாதிரி உட்காரும். ஒவ்வொரு மெயிலையும் பிரிச்சு, எழுத்துகளா மாத்தி அனுப்பின அட்டாச்மென்டைத் திரும்ப ஃபைலா ஆக்கி, ஜிப் இருந்தா அதையும் திறந்து, தன்கிட்ட இருக்கற அடையாளப் பட்டியலோட ஒப்பிடும். சந்தேகம் இல்லைன்னா ஒட்டி அனுப்பிடும்.

இந்த வேலையில இந்தியக் கம்பெனிகளும் சீக்கிரமே இறங்கிட்டாங்க. சென்னையில கேசவர்தனன் 1991-ல தொடங்கின கே-7. புனேயில கால்குலேட்டர் ரிப்பேர் கடையிலருந்து வளர்ந்த காட்கர் சகோதரர்களோட குவிக் ஹீல். மும்பையில இ-ஸ்கேன் தயாரிக்கிற மைக்ரோவேர்ல்டு, மெயில் சர்வர்லயே சோதிக்க 'மெயில்ஸ்கேன்'னு தனி சாஃப்ட்வேரே வெச்சிருந்தாங்க. 2002-ல கிளாம்-ஏ.வி. இலவசமா, ஓப்பன் சோர்ஸா வந்த பிறகு, காசில்லாத கல்லூரிகளும் தங்களோட மெயில் சர்வர்ல ஸ்கேன் வெக்க முடிஞ்சது.

இதுல ஒரு வேடிக்கை. சில ஆன்டிவைரஸ்கள் போற மெயிலோட அடியில, "இதைச் சோதிச்சாச்சு, வைரஸ் இல்லை"ன்னு ஒரு வரி ஒட்டிவிடும். பாதி சான்றிதழ், பாதி இலவச விளம்பரம். 2004-ல வந்த நெட்ஸ்கை வைரஸோட சில வகைகள் என்ன பண்ணுச்சுன்னா, தன்னோட மெயில்லயே "வைரஸ் இல்லை"ன்னு ஒரு ஆன்டிவைரஸ் கம்பெனி பேரைப் போட்டு எழுதிக்கிச்சு. வரிதானே, யார் வேணா எழுதலாம். அனுப்பறவர் தனக்குத் தானே கொடுக்கற சான்றிதழுக்கு மதிப்பு எவ்வளவுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

மூணாம் நம்பர் கேபின்

இப்போ கம்பம். வருஷம் 2002. எனக்கு அப்போ அஞ்சாறு வயசு. இதெல்லாம் சித்தப்பா பின்னாடி சொன்னது.

சித்தப்பாவோட சென்டர்ல அஞ்சு சிஸ்டம். ஒரே ஒரு போன் லைன், ஒரு மோடம். பிரவுசிங்கைவிட அவருக்குக் காசு வந்தது மெயில் அனுப்பறதுலதான். சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர்னு சுத்துப்பட்டு ஊர்லருந்து வளைகுடா வேலைக்குப் போறவங்க சர்ட்டிஃபிகேட், பாஸ்போர்ட் பக்கத்தை எடுத்துட்டு வருவாங்க. இவர் ஸ்கேனர்ல வெச்சு எடுத்து, தன்னோட மெயில் ஐடியிலருந்தே துபாய்க்கோ குவைத்துக்கோ அனுப்பிவிடுவார். ஒரு மெயிலுக்குப் பத்து ரூபா. அவர் கம்ப்யூட்டர்ல மட்டும் ஆன்டிவைரஸ் உண்டு. ஒரு லைசென்ஸ்தான் வாங்கியிருந்தார். வர்ற மெயில் டிக் போட்டிருந்தார், போற மெயில் டிக்கை எடுத்துவிட்டிருந்தார்.

ஏன்னு கேட்டேன்.

"டயல்-அப்புல சர்ட்டிஃபிகேட்டு ரெண்டு எம்.பி. இருக்கும்டா. அதை ஸ்கேன் பண்ணி முடிக்கங்குள்ள சர்வரு டைம்-அவுட் ஆயிரும். திரும்ப அனுப்பணும். போன் பில்லு யாரு கட்டுறது? வர்றதுலதான வைரஸ் இருக்கும், நாம அனுப்புறதுல என்ன இருக்கப்போகுதுன்னு விட்டுட்டேன்."

நம்ம லிஸனர் கேட்ட அதே கேள்வி. 2002-லயே.

அந்த வருஷம் ஏப்ரல்ல 'கிளெஸ்' வைரஸோட புது வகை ஒண்ணு உலகம் முழுக்கப் பரவிக்கிட்டிருந்துச்சு. கிளெஸ்கிட்ட மூணு வித்தை. ஒண்ணு, பேட்ச் போடாத இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இருந்தா, அட்டாச்மென்டைத் திறக்கவே வேண்டாம், மெயிலைப் பார்த்தாலே போதும். அந்த ஓட்டையை அடைக்கற பேட்ச் ஒரு வருஷத்துக்கு முன்னாடியே, 2001 மார்ச்ல வந்தாச்சு. யார் போட்டா? ரெண்டு, லேன்ல ஷேர் பண்ணி வெச்ச ஃபோல்டர் வழியா பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தாவும். மூணாவதுதான் விஷம். அது அவுட்லுக்கை நம்பி இல்லை, மெயில் அனுப்பற இன்ஜினைத் தனக்குள்ளயே வெச்சிருந்தது. கம்ப்யூட்டர்ல கிடைக்கிற முகவரிகளைப் பொறுக்கி, ஒண்ணை 'அனுப்புநர்'னு போட்டு, இன்னொண்ணுக்கு அனுப்பும். அதாவது அ-வோட கம்ப்யூட்டர்ல இருக்கற வைரஸ், ஆ பேர்ல, இ-க்கு மெயில் போடும். இ கோபப்பட்டு ஆ-கிட்ட சண்டை போடுவார். அ நிம்மதியா தூங்குவார்.

சித்தப்பா சென்டர்ல அது வந்தது மூணாம் நம்பர் கேபின் வழியா. கஸ்டமர் ஒருத்தர் வெப்மெயில்ல திறந்தது. அங்கிருந்து ஷேர் ஃபோல்டர் வழியா சித்தப்பா சிஸ்டத்துக்கு. அவரோட ஆன்டிவைரஸ் இருந்துச்சு, ஆனா அடையாளப் பட்டியலை அப்டேட் பண்ணி சில வாரம் ஆயிருந்துச்சு. அப்டேட்டுக்கும் போன் பில்தானே.

"ஒருத்தரும் பிரவுஸ் பண்ணல, மோடத்துல லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. என்னமோ அப்டேட்டாகுதுன்னு நெனச்சேன்"னார்.

அப்புறம் மெயில் வர ஆரம்பிச்சது. "நீங்க அனுப்பின மெயில்ல வைரஸ் இருந்தது, அழிச்சுட்டோம்"னு யாரோ முகம் தெரியாத சர்வர்கள் எழுதற தானியங்கி மெயில்கள். இவர் அனுப்பவே அனுப்பாத ஆட்கள்கிட்டருந்து. அந்தக் காலத்துல நிறைய மெயில் சர்வர்கள் இப்படித்தான் வெச்சிருந்தாங்க. வைரஸ் வந்தா, அனுப்பினவருக்குத் தகவல் சொல். அனுப்புநர் பேரே பொய்னு ஆன பிறகு, அந்தத் தகவல் மெயில்களே இன்னொரு குப்பையா மாறிச்சு. சித்தப்பா அதையெல்லாம் டெலீட் பண்ணிட்டார்.

ஒரு மாசம் கழிச்சு கூடலூர்ப் பையன் ஒருத்தர் வந்தார். துபாய்ல ஒரு கம்பெனியில எலக்ட்ரீஷியன் வேலை. சர்ட்டிஃபிகேட் இந்தத் தேதிக்குள்ள வரணும்னு சொல்லியிருந்தாங்க. சித்தப்பா மூணு தடவை அனுப்பியிருக்கார். பதில் இல்லை. தேதி தாண்டின பிறகு ஏஜென்ட் போன்ல சொன்னது: "உங்க ஐடியிலருந்து வைரஸா வருதுன்னு அவங்க மெயில் சர்வர்ல பிளாக் பண்ணிட்டாங்களாம்."

சித்தப்பா முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வேற என்ன பண்றது. அந்தப் பையன் அப்புறம் திருப்பூர் போயிட்டார்.

இதுல நான் ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். சித்தப்பா ரெண்டாவது டிக்கைப் போட்டிருந்தாலும், பழைய பட்டியல்ல அந்த வைரஸோட அடையாளம் இல்லைன்னா, ஆன்டிவைரஸ் அதைப் பிடிச்சிருக்காது. ஆனா போற மெயிலை ஸ்கேன் பண்ணும்போது பல ஆன்டிவைரஸ்கள் மூலையில சின்னதா ஒரு விண்டோ காட்டும், 'மெயில் ஸ்கேன் ஆகிறது'ன்னு. தான் எதுவும் அனுப்பாத நேரத்துல அந்த விண்டோ நூறு தடவை எட்டிப் பார்த்திருந்தா, அவர் மோடம் ஒயரைப் பிடுங்கியிருப்பார். போற வழியில ஒரு காவல் இருக்கறதோட பாதி பயன் இதுதான். திருடனைப் பிடிக்காட்டியும், என் வீட்டுலருந்து என்ன வெளியே போகுதுன்னு எனக்குத் தெரியும்.

அட்டாச்மென்ட் திறக்கறதே வேலைன்னா?

"சந்தேகமான அட்டாச்மென்டைத் திறக்காதே"ன்னு சொல்றது சுலபம். திறக்கறதே வேலையா இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?

எங்க பகுதியிலயே அதுக்கு அருமையான உதாரணம் இருக்கு. 2000-த்தோட தொடக்கத்துல, மதுரை பக்கம் மேலூர் கிராமங்கள்ல சென்னை ஐ.ஐ.டி.யோட கார்டெக்ட் வயர்லெஸ் தொழில்நுட்பத்தை வெச்சு இன்டர்நெட் மையங்கள் நடத்தினாங்க. அங்க கண்ணை வெப்கேம்ல படமெடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மெயில்ல அனுப்புவாங்க. டாக்டர் பார்த்துட்டு, நேர்ல வரணுமா வேண்டாமான்னு சொல்லுவார். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம்.

அரவிந்தோட தேனி மருத்துவமனை 1985-லருந்து இருக்கு. 2000-த்தோட நடுவுல அங்க இன்னொரு படி மேல போனாங்க. கலிஃபோர்னியாவோட பெர்க்லி பல்கலைக்கழகத்துல எரிக் புரூவரோட குழு, சாதாரண வைஃபையை ரொம்பத் தூரத்துக்கு நீட்டி, தேனி மருத்துவமனையைச் சுத்தியிருந்த அஞ்சு சின்ன கண் பரிசோதனை மையங்களோட இணைச்சாங்க. அம்பாசமுத்திரம், போடி மாதிரி ஊர்கள். தாமிரபரணிப் பக்கத்து அம்பாசமுத்திரம் இல்லை, இது எங்க தேனி மாவட்டத்து அம்பாசமுத்திரம். நோயாளி ஊர்லயே உட்கார்ந்து, தேனியில இருக்கற டாக்டரோட வீடியோவுல பேசலாம்.

அந்தக் குழு 2008-ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. இப்படி ஒரு நெட்வொர்க்கைத் தொடங்கறது பெரிய விஷயமில்லை, வருஷக் கணக்கா உயிரோட வெச்சிருக்கறதுதான் கஷ்டம்ங்கறதுதான் அதோட மையம். ஏறி இறங்கற கரன்ட்டே எவ்வளவு பெரிய எதிரின்னு விவரமா எழுதியிருப்பாங்க. அதுல அவங்க எடுத்துக்கிட்ட உதாரணம் ரெண்டு. ஒண்ணு நம்ம தேனி. இன்னொண்ணு இமாச்சல்ல தர்மசாலா, தலாய் லாமா இருக்கற ஊர்.

அந்தத் தர்மசாலாவுலதான் அடுத்த வருஷம் மெயில் ஸ்கேனிங்கோட எல்லை எதுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது.

2009 மார்ச்ல டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'கோஸ்ட்நெட்'னு ஒரு உளவு வலையை வெளியில கொண்டு வந்தாங்க. 103 நாடுகள்ல 1,295 கம்ப்யூட்டர்கள். தலாய் லாமா அலுவலகமும் அதுல ஒண்ணு. நுழைஞ்ச வழி, மெயில்ல வந்த ஒரு வேர்டு ஃபைல். திபெத் ஆதரவு இயக்கத்துலருந்து வந்த மாதிரி முகவரி. அவங்களுக்கு தினமும் நூறு வர்ற மாதிரி ஒரு மெயில். அந்த ஃபைலை ஆய்வாளர்கள் 34 ஆன்டிவைரஸ்கிட்ட கொடுத்துப் பார்த்தாங்க. 11 மட்டும்தான் கண்டுபிடிச்சது. காரணம் எளிமை. பட்டியல்ல பேர் வரணும்னா, வைரஸ் முதல்ல எங்கயாவது பரவி மாட்டணும். ஒரே ஒரு அலுவலகத்துக்குன்னு தைச்ச சட்டை எந்தக் கடைப் பட்டியல்லயும் இருக்காது.

அதே மாசம் கேம்பிரிட்ஜ்லருந்து ஷிஷிர் நாகராஜாவும் ராஸ் ஆண்டர்சனும் எழுதின அறிக்கையில இன்னும் பயமான ஒரு விஷயம் இருந்துச்சு. உள்ள நுழைஞ்சவங்க அந்த அலுவலகத்தோட உண்மையான மெயில்களைத் திருடி, அதுல இருந்த நல்ல அட்டாச்மென்டை எடுத்துட்டு, விஷம் வெச்ச அட்டாச்மென்டை மாத்தி வெச்சிருக்காங்க. தலாய் லாமாவைச் சந்திக்க ஒரு வெளிநாட்டுத் தூதருக்கு மெயில்ல அழைப்பு அனுப்பினாங்களாம். பின்னாடியே போன் பண்றதுக்குள்ள, சந்திக்க வேண்டாம்னு சீன அரசுத் தரப்புலருந்து அவருக்குப் பேச்சு வந்துடுச்சு. வெளியே போன மெயில்தான் காட்டிக் கொடுத்தது.

அதுக்கப்புறம் திபெத்தியர்கள் மத்தியில ஒரு பிரசாரம் நடந்துச்சு. 'அட்டாச்மென்ட்'ங்கற ஆங்கில வார்த்தைக்கு 'பற்று'ன்னும் ஒரு பொருள் இருக்கே. புத்த பிக்குகள்கிட்ட போய், "அட்டாச்மென்டை விடுங்க"ன்னு சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல சைபர் செக்யூரிட்டி ஸ்லோகன் கிடையாது.

போடி

இதுக்குள்ள நம்ம பக்கம் எல்லாம் மாறிப் போச்சு. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போயி ஜிமெயில் வந்துச்சு. மெயில் மொத்தமும் என்கிரிப்ட் ஆகி பிரவுசர்ல ஓட ஆரம்பிச்சது. சோதனை கூகுளோட சர்வர்லயே நடக்குது, நீங்க அனுப்பறதும் சரி, உங்களுக்கு வர்றதும் சரி. ஆகவே நம்ம லிஸனருக்கு நேர் பதில்: நீங்க மெயிலை பிரவுசர்ல மட்டும் பார்க்கறீங்கன்னா, அந்த ரெண்டு டிக்கும் கிட்டத்தட்ட சும்மா. தபால்காரர் உட்கார்ந்திருக்கற தெருவுல இப்போ தபாலே ஓடலை. அவுட்லுக், தண்டர்பேர்டு மாதிரி சாஃப்ட்வேர் வெச்சிருந்தா ரெண்டையும் போட்டு வைங்க.

அப்போ பிரச்சினை தீர்ந்துச்சா? மாமா கதையைக் கேளுங்க.

மாமா போடியில ஏலக்காய் வியாபாரம். இருபது வருஷமா வடக்க ஒரு வியாபாரிக்கு சரக்கு அனுப்பறார். ரெண்டு வருஷம் முன்னாடி, மாமாவுக்கு ஒரு மெயில். "உங்க மெயில்பாக்ஸ் நிறைஞ்சுடுச்சு, இங்க லாகின் பண்ணுங்க." பண்ணிட்டார். ஃபைல் இல்லை, அட்டாச்மென்ட் இல்லை, வைரஸ் இல்லை. பாஸ்வேர்டு மட்டும் போச்சு. உள்ள வந்தவன் எதையும் உடைக்கலை. ஒரே ஒரு ரூல் போட்டான்: இந்த வியாபாரிகிட்டருந்து வர்ற மெயிலை வேற ஒரு ஃபோல்டருக்கு மாத்து, எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. அப்புறம் காத்திருந்தான்.

மாமா இன்வாய்ஸ் அனுப்பினார். அரை மணி நேரத்துல, அதே ஐடியிலருந்து, அதே பேச்சுக்கு அடியில இன்னொரு மெயில் போச்சு. "பேங்க் அக்கவுன்ட் மாறியிருக்கு, இதுல போடுங்க." அந்த வியாபாரி எட்டு லட்சத்துச் சொச்சம் போட்டார். தெரிய வர்றதுக்குள்ள ஒன்பது நாள் ஆயிடுச்சு.

மாமா கம்ப்யூட்டர்ல காசு கொடுத்து வாங்கின ஆன்டிவைரஸ் இருந்துச்சு. அப்டேட்டும் சரியா இருந்துச்சு. ரெண்டு டிக்கும் போட்டிருந்துச்சு. பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

போலீஸ், பேங்க்னு அலைஞ்சு முடிச்சப்புறம் மாமா என்கிட்ட சொன்னார்: "எனக்கு ஒண்ணும் நட்டம் இல்ல மாப்ள. சரக்குக்குப் பாதிப் பணத்தை நான் விட்டுக் கொடுத்துட்டேன், அதுகூடப் பெருசில்ல. இருபது வருசம் அந்த மனுசன் என் பேரப் பாத்துக் காசு போட்டாரு. இப்ப என் பேரப் பாத்தா போன் போட்டு 'நீங்கதானா'ன்னு கேக்குறாரு."

சித்தப்பா கதையும் இதேதான் இல்லையா? ரெண்டு பேருக்கும் நேரடி நஷ்டம் கம்மி. அடிபட்டது அவங்க மெயிலை நம்பின இன்னொருத்தர். 2002-ல கூடலூர்ப் பையன், இப்போ அந்த வியாபாரி. நடுவுல உள்ள இத்தனை வருஷத்துல ஸ்கேன் பண்ற பொருள்தான் மாறியிருக்கு. அன்னைக்குக் கெட்டுப் போனது ஃபைல். இன்னைக்கு ஃபைல் சுத்தமா இருக்கு, அனுப்பறவரோட பேரு கெட்டுப் போகுது. அதைப் பிடிக்க எந்தப் பட்டியலும் இல்லை.

பெரிய கம்பெனிகள்ல போற மெயிலைப் பார்க்கறாங்களேன்னு கேப்பீங்க. பார்க்கறாங்க. ஆபீஸ் ஃபைலை உங்க பெர்சனல் ஐடிக்கு அனுப்பிப் பாருங்க, அரை மணியில ஐ.டி. டீம் கூப்பிடும். ஆனா அது கம்பெனி ரகசியம் வெளியே போகக் கூடாதுன்னு. மெயில் வாங்கறவர் பத்திரமா இருக்கணும்னு இல்லை. குமுளி செக்போஸ்ட் மாதிரிதான், தன் சரக்குக்குத்தான் காவல்.

வெளியே போற வழிக்கு நாம என்ன பண்ணலாம்

கேட்கறவங்க நிறைய பேருக்கு ஊர்ல மாமா, சித்தப்பா, அப்பான்னு மெயில்ல வியாபாரம் பண்றவங்க இருப்பாங்க. இந்த வாரம் ஊருக்குப் போனா நாலு விஷயம் பண்ணுங்க.

ஒண்ணு, அவங்க மெயில் செட்டிங்ஸ்ல 'ஃபில்டர்', 'ஃபார்வர்டிங்' ரெண்டையும் திறந்து பாருங்க. அவங்க போடாத ரூல் ஏதாவது இருந்தா அழிச்சுட்டு, பாஸ்வேர்டை மாத்துங்க. ரெண்டு, டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க. மூணு, 'சென்ட்' ஃபோல்டரையும் 'டிராஷ்' ஃபோல்டரையும் ஒரு தடவை அவங்களோட சேர்ந்து ஓட்டிப் பாருங்க. தான் அனுப்பாதது ஏதாவது போயிருக்கான்னு. சித்தப்பாவோட மோடம் லைட்டுதான் இது. நாலு, வாடிக்கையாளர்களுக்கு இப்பவே சொல்லி வைக்கச் சொல்லுங்க: "என் அக்கவுன்ட் நம்பர் மாறினா மெயில்ல சொல்ல மாட்டேன், போன்லதான் சொல்லுவேன்." சொந்த டொமைன் இருந்தா எஸ்.பி.எஃப்., டி.கிம்., டிமார்க் மூணும் போட்டிருக்கான்னு பாருங்க. வேற யாராவது வேற சர்வர்லருந்து அவங்க டொமைன் பேர்ல மெயில் அனுப்பறதை அது தடுக்கும். 2024 பிப்ரவரியிலருந்து, மொத்தமா மெயில் அனுப்பறவங்ககிட்ட கூகுளும் யாஹூவும் இதைக் கட்டாயமாவே கேக்கறாங்க. அப்படியும் பணம் போயிடுச்சுன்னா, உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. ஒன்பது நாள் காத்திருக்காதீங்க.

போன தீபாவளிக்குப் போனப்போ மாமாவோட மெயிலை நானே உட்கார்ந்து பார்த்தேன். ரூல் எல்லாம் சுத்தம். பக்கத்துல சித்தப்பா இருந்தார். எல்லாம் முடிஞ்சதும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "வெளிய போறதைப் பாத்தியாடா?"

பார்த்தேன் சித்தப்பா.

உங்க வீட்டுல இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதி அனுப்புங்க, பேர் போடாம அடுத்த எபிசோடுல பேசலாம். அட்டாச்மென்ட் மட்டும் வேண்டாம்.